இல்லாத காவியத்தில் என் இரண்டு வரி

இந்த நகரத்தில் நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு மறந்துபோகும் என்பதற்காக அல்ல. உங்களுக்கு மறந்துபோகும் என்பதற்காக.

ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பலசரக்குக் கடையின் பின்பக்க அறையில், கைவிரல் விறைக்கிற குளிரில், தனி ஆளாக ஓர் அச்சகம் கட்டினேன். யாரோ குப்பைக்கு எறிந்த கண்ணாடிக் கதவைத் தோளில் தூக்கி வந்து, கீழே ரியூப்லைட் பூட்டி, பக்கம் ஒட்டுகிற ஒளிமேசை கட்டினேன். அந்த மேசையில் வைத்து இந்த ஊர்த் தமிழரின் பாதிக் கல்யாணங்களுக்கு அழைப்பிதழும் பாதிச் செத்தவீடுகளுக்கு நினைவு மலரும் கட்டினேன். ஒரு வாரப் பத்திரிகையைப் பக்கம் பக்கமாகக் கட்டினேன். ஆங்கிலம் தவிர எதுவும் தெரியாத கொம்பியூட்டருக்குள் தமிழ் எழுத்தை இறக்கி, அது மறுத்தபோதெல்லாம் அதட்டிப் பணிய வைத்தேன். பிறகு நகரத்தின் கிழக்கு ஓரத்தில், ரூஜில் வீடு கட்டினேன். வீட்டைக் கொம்பனிக்காரன் கட்டினாலும் அதன் பின்பக்கத்து மரத்தளம் நான் கட்டியது. அதில் இன்றுவரை ஒரு பலகை ஆடாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மயில்வாகனம் செய்தவை இவை. படித்தவர்கள் செய்ததன் பட்டியலை அவர்கள் எழுதட்டும்.

இவற்றோடு இரண்டு வரிப் பாட்டும் ஒன்று கட்டினேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

இந்த ஆண்டு மலரைத் தொகுக்கிற மலர்க்குழுப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, "அங்கிள், அந்தக் காலத்து பிரின்டிங் எப்பிடி இருந்தது எண்டு ஒரு பேஜ் எழுதித் தாங்கோ, please" என்று கேட்டார்கள். போகும்போது தாங்கள் முன்பு வெளியிட்ட பாடல் தொகுப்பையும் தந்துவிட்டுப் போனார்கள். அதை விரித்துப் பார்த்தேன். நடுப்பக்கத்தில், பூக்கரை போட்ட கட்டத்துக்குள், நான்கு வரிப் பாட்டு ஒன்று இருந்தது. கீழே "பழைய கூத்துப் பாடல். ஆசிரியர் பெயர் தெரியவில்லை" என்று போட்டிருந்தார்கள்.

தெரியவில்லையாம்.

நான் தொழில் பழகிய கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துப் பொறுக்கி அடுக்கினேன். தலைகீழாக வாசிக்கப் பழகினேன். நேராக வாசிப்பதைவிட அது எனக்கு இன்றும் சுலபம். பிறகு சண்டை, கொழும்பு, விமானம், ரொறொன்ரோ, கோப்பை கழுவிய ரெஸ்ரோறன்ட். அங்கேயிருந்து மேலே சொன்ன கண்ணாடிக் கதவு. அவ்வளவுதான்.

தொண்ணூறுகளில் எங்கள் பத்திரிகை வியாழக்கிழமைதோறும் தமிழ்க் கடைகளின் வாசலில் இலவசமாகக் கிடந்தது. கத்தரிக்காயும் மீனும் வாங்க வந்தவர்கள் ஒன்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போவார்கள். கடையும் மேசையும் கொம்பியூட்டரும் என்னுடையவை. ஆனால் ஆசிரியர் நடேசு மாஸ்டர் உள்ளே வந்தால் முதலாளியான நான் எழுந்து நிற்பேன். அவர் சொல்லி நின்றதில்லை. கால் தானாக எழுந்துவிடும்.

மாஸ்டர் ஊரில் பள்ளிக்கூட ஆசிரியர். இங்கே ஒரு பெரிய கட்டடத்தின் வாசலில் செக்கியூரிற்றி வேலை. அந்த யூனிபோர்மோடுதான் என் கடைக்கு வருவார். சப்பாத்தை வாசலில் கழற்றி, இரண்டையும் சுவரோடு ஒட்டிச் சமமாக வைப்பார். கதிரை கொடுத்தால் அதில் தன் தொப்பியை வைத்துவிட்டு நின்றுகொண்டே ஒப்புநோக்குவார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. கட்டுரை ஒன்றில் மேற்கோள் வந்தால் பென்சிலால் மேசைக் கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டுவார்.

"ஆர் சொன்னது? எங்கை சொன்னது?"

விடை இல்லாவிட்டால் ஒரு நேர்கோடு. மேற்கோள் போய்விடும்.

இதை இன்றைய பிள்ளைகள் சின்ன விசயமாக நினைக்கக் கூடாது. அந்த நாளில் இந்த ஊரில் எங்களிடம் புத்தகம் இல்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்த சனம், புத்தகத்தையா தூக்கி வந்திருக்கும்? ஆகவே எல்லோரும் ஞாபகத்தில் இருந்து மேற்கோள் காட்டினோம். யாராலும் சரிபார்க்க முடியாது. மேடையில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு "அன்றைக்கே சொல்லிவைத்தான் ஒரு புலவன்" என்று தொடங்கினால், அந்தப் புலவன் அன்றைக்குச் சொன்னானா, இவர் காரில் வரும்போது யோசித்தாரா என்று ஒருவருக்கும் தெரியாது. கைதட்டு மட்டும் நிச்சயம். இந்தச் சனத்துக்கு நடுவில், பென்சிலோடு ஒரு மனிதர் நின்று "எங்கை சொன்னது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மொன்றியலில் ஒருவரிடம் ஒரு சூட்கேஸ் நிறையப் பழைய நூல்கள் இருந்தன. மாஸ்டர் அவருக்குத் தொலைபேசி எடுத்து, சூட்கேஸைத் திறக்கச் சொல்லி, வரியை வாசிக்கச் சொல்லிக் கேட்டபிறகுதான் அச்சுக்கு விடுவார்.

ஒரு சங்கத் தலைவர் தன் கட்டுரையில் வெட்டிய மேற்கோளுக்காகக் கடைக்கே சண்டைக்கு வந்தார்.

"மாஸ்டர், என்னைப் பொய்யன் எண்டுறியளோ?"

"இல்லை. மூலத்தைக் கொண்டு வாருங்கோ. உங்கடை வீட்டு வாசலிலை வந்து நிண்டு மன்னிப்புக் கேக்கிறன்."

தலைவர் இன்றுவரை கொண்டு வரவில்லை.

இப்படிப்பட்ட மனிதர்தான் எங்கள் பத்திரிகையின் ஏழாம் பக்கத்தில் "அசகாயசூரன் பவனி" என்ற பகிடித் தொடரை எழுதினார். பெரிய எழுத்துக் கதைப்புத்தகங்களிலும் எங்கள் கரையோரக் கூத்துகளிலும் வருகிற ராசகுமாரர்களை நீங்கள் அறிவீர்கள். வெள்ளைக் குதிரை, ஏழு கடல், அரக்கன், சிறைப்பட்ட இளவரசி. மாஸ்டர் அந்த ராசகுமாரனைப் பிடித்து டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடியின் உச்சியில் குடிவைத்தார். குதிரை எலிவேற்றருக்குள் பின்பக்கமாகத்தான் போகும். இளவரசியை மோட்கேச் என்ற வீட்டுக்கடன் அரக்கன் தூரத்து விட்பியில் ஒரு புது வீட்டில் சிறைவைத்திருந்தான். அசகாயசூரனிடம் வாள் உண்டு. ஆனால் உருவ மாட்டான். எதிரி வந்தால் வாளுக்குப் பதிலாக மேற்கோளை உருவுவான். "மகாவச்சிரகண்ட விசயம்" என்ற காவியத்தில் இருந்து, நடுவில் மறந்து, தலையை வாலில் ஒட்டி, எதிரி அலுத்து வீட்டுக்குப் போகும்வரை சொல்லிக்கொண்டே இருப்பான். மகாவச்சிரகண்ட விசயம் என்று ஒரு காவியம் உலகத்தில் இல்லை. மாஸ்டர் உண்டாக்கியது.

"மாஸ்டர், ஊரெல்லாம் மூலம் கேக்கிறியள். நீங்கள் மட்டும் இல்லாத புத்தகத்திலை இருந்து எடுத்து விடுறியள்" என்று ஒருநாள் சொன்னேன்.

அவர் பென்சிலைக் காதில் செருகினார். "மயில், பொய் மேற்கோளுக்கும் ஒரு நீதி இருக்கு. புத்தகத்தின்ரை பேரைச் சொல்லேக்கை நாக்குத் தடக்கவேணும். பாட்டைக் கேட்டால் சிரிப்பு வரவேணும். சிரிச்சவன் ஏமாறமாட்டான்."

அந்த நீதி எனக்கு அன்று முழுதாக விளங்கவில்லை.

இனி என் வேலை முறையைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்தது விளங்கும். கட்டுரையைக் கொம்பியூட்டரில் அடித்து, ஒரு பத்தி அகலத்தில் நீளநீளக் கீற்றுகளாக எடுப்பேன். கீற்றின் முதுகில் மெழுகு தடவி, ஒளிமேசையில் பக்க அட்டையை விரித்து, மெல்லிய நீலக் கோடுகளுக்குள் ஒட்டுவேன். ஒரு புள்ளி விடுபட்டிருந்தால் முழுக் கீற்றையும் திரும்ப எடுப்பதில்லை. பழைய தாளில் ஒரு புள்ளியைப் பிளேட்டால் சீவி, ஊசிமுனையில் எடுத்து, மூச்சை அடக்கி, எழுத்தின் தலையில் வைப்பேன். தும்மினால் புள்ளி போச்சு. ஒட்டி முடிந்த அட்டைகளை அச்சடிக்கிற பெரிய பிரஸ்சுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பக்கத்தில் வெள்ளை விழக் கூடாது. விழுந்தால் கடை விளம்பரம்; விளம்பரமும் இல்லாவிட்டால் பூக்கரை.

அந்தப் புதன்கிழமைப் பின்னேரம் அசகாயசூரன் மூன்று விரற்கிடை குறைந்து போனான். மாஸ்டர் வேலைக்குப் போய்விட்டார். விளம்பரம் இல்லை. பூக்கரையோ எதிர்ப்பக்கத்தில் போட்டாயிற்று. அந்த வாரக் கதையில், இளவரசியை மீட்க விட்பிவரை போக அசகாயசூரனுக்குப் பஞ்சி, அதாவது சோம்பல். தூரம் என்று சாட்டுச் சொல்லிக் குதிரையைத் திருப்புகிறான். சாட்டுக்கு ஒரு மேற்கோள் இருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது. வெள்ளை இடத்தைப் பார்த்தபடி நின்றேன். கை கொம்பியூட்டருக்குப் போயிற்று.

குதிரை போன தூரமெல்லாம் கொற்றவனார் ஊரல்ல
கூப்பிட்டால் கேட்கும்தூரம் கொண்டதுவே நம்மூரு

கீழே "மகாவச்சிரகண்ட விசயம்" என்று போட்டு, கட்டம் கட்டி, ஒட்டினேன். மூன்று விரற்கிடையில் ஒரு நூல் மிஞ்சவில்லை.

வெள்ளிக்கிழமை மாஸ்டர் வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். பத்திரிகையை மேசையில் விரித்தார். இரண்டு தட்டு.

"ஆர் சொன்னது? எங்கை சொன்னது?"

"மகாவச்சிரகண்ட விசயத்திலை, மாஸ்டர்."

"மயில், அந்தப் புத்தகத்தை எழுதினது நான். அதிலை உந்த வரி இல்லை."

"இப்ப இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. இரண்டு வரியையும் மெதுவாக ஒருமுறை வாசித்தார். "நல்லாயிருக்கு. உதுதான் பிழை. சிரிப்பு வரேல்லை. ஆரும் மெய்யெண்டு நம்பப்போகினம்."

"நம்பட்டுமே."

"நம்பினால், பேந்து நீ எழுதினனி எண்டு சொல்லேலாது."

அந்த மனிதரின் வாய்க்கு நான் பயப்பட்டது அன்று முதல்.

ஏனென்றால் நம்பினார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் மாமனார் மைக்கைப் பிடித்து, "எங்கடை முன்னோர் சொன்னமாதிரி, கூப்பிட்டால் கேட்கும்தூரம் கொண்டதுவே நம்மூரு" என்றார். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். வேறொருவர் தன் பாட்டன் வள்ளம் தள்ளும்போது பாடியது என்றார். நினைவு மலருக்குள் போடச் சொல்லி என்னிடமே கொண்டுவந்தார்கள். பஞ்சியில் ஒரு கோமாளி சொன்ன சாட்டு இந்தச் சனத்தின் காதில் விழுந்தபோது, அண்ணன் ஜேர்மனியில், தங்கச்சி பிரான்சில், தாய் ஊரில் என்று சிதறிக் கிடந்தவர்களுக்கு அது வேறு எதுவாகவோ கேட்டது. வெள்ளை இடத்தை மறைக்க நான் போட்ட வரி, நான் போகாத வீடுகளுக்குள் எல்லாம் போய் உட்கார்ந்திருந்தது. எனக்குப் பெருமை வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மீன்கடையில் ஒரு பெண் அந்த வரியைச் சொன்னபோது, "பிள்ளை, அது நான் எழுதினது" என்றேன்.

அவள் மீனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு எல்லாத்திலையும் ஒரு பங்கு வேணும் என்ன, அண்ணை! போன கிழமை இந்தப் பிளாசாவையும் நீங்கள்தான் கட்டினதெண்டு சொன்னியள்."

பிளாசாவை நான் கட்டவில்லை. பிளாசாவுக்குச் சனம் வரக் காரணம் என் கடை என்றுதான் சொன்னேன்.

மாஸ்டரிடம் போய், "உண்மையை அச்சிலை போடுவம்" என்றேன். அவரும் அதே எண்ணத்தில் இருந்தார். அவருக்கு மூலம் வேண்டும். எனக்குப் பெயர் வேண்டும். "ஏழாம் பக்கத்தில் வந்த இரு வரிகள் பழம்பாடல் அல்ல. இப்பத்திரிகையின் பக்கம் கட்டுநர் மயில்வாகனம் எழுதியவை" என்று அவர் எழுதித் தந்தார். என் பெயரை மட்டும் தடித்த எழுத்தில் எடுத்தேன். மெழுகு தடவி, அட்டையில் நானே ஒட்டினேன். வாழ்க்கையில் என் பெயரை நான் ஒட்டியது அதுதான் முதல்தடவை. அழகாக இருந்தது.

அட்டை இன்னும் மேசையில் கிடக்கும்போது பிலோமினா வந்தாள். டோர்செட் பார்க்கில், கென்னடி வீதிப் பக்கத்து அடுக்குமாடி ஒன்றில் இருந்தவள். ஏதோ தொழிற்சாலையில் வேலை. முன்பு தேவாலயத்தில் மகளின் முதல்நன்மை விழாவுக்கு அட்டை அடிக்க வந்திருந்ததால் தெரியும்.

"அண்ணை, உங்கடை பேப்பரிலை ஒரு பாட்டு வந்தது. குதிரை போன தூரமெல்லாம் எண்டு. அதின்ரை மிச்ச ரெண்டு வரியையும் தாங்கோ."

"மிச்சமோ?"

"அப்பா நாலு வரியெண்டுறார். அவர் ஊரிலை கூத்துக்கு ராசா வேசம் கட்டினவர். உந்தப் பாட்டு, தான் ராசாவா நிண்டு பாடினதெண்டு பில்டிங்கிலை இருக்கிற கிழடுகள் எல்லாருக்கும் சொல்லிப்போட்டார். கனகர் எண்டு ஒருத்தர் இருக்கிறார், பழைய ஸ்டேசன் மாஸ்டர். 'அப்பிடியெண்டால் மிச்சத்தைப் பாடு பாப்பம்' எண்டிட்டார். அப்பாக்கு வரேல்லை. எல்லாரும் சிரிச்சிட்டினம். இப்ப அவர் கீழை இறங்கிறேல்லை, அண்ணை. சாப்பாடும் குறைவு. சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பார்ட்டி றூமிலை எல்லாரும் கூடுகினம். கனகர், உங்கடை நடேசு மாஸ்டரை நீதவானா வரச்சொல்லப்போறாராம், அப்பா பொய்யனோ இல்லையோ எண்டு கேக்க."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் அட்டைக்கு முன்னால் நகர்ந்து நின்றேன். என் பெயர் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அவளுடைய தகப்பன் செபமாலை அண்ணை அந்தப் பாட்டைப் பாடியிருக்கவே முடியாது. நான் எழுதி மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஆனால் அவர் பொய் சொல்லவும் இல்லை. ராசாவாக நின்ற மனிதர். எத்தனையோ ஆயிரம் வரி பாடிய வாய். புது வரி ஒன்று வந்து பழைய வரிகளுக்கு நடுவில் இடம்பிடித்து உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். என் அறிவிப்பு வெளிவந்தால் என் பெயர் ஊருக்குத் தெரியும். அதே வியாழக்கிழமை ஒரு ராசா பொய்யன் ஆகிவிடுவார்.

மாஸ்டருக்குச் சொன்னேன். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மயில், பேர் உன்ரை. நீதான் சொல்லவேணும்."

"நீங்கள் என்ன சொல்லப்போறியள், மாஸ்டர்? நீதவான் நீங்கள்தானே."

"இல்லாததை இருக்கெண்டு நான் சொல்லமாட்டன். அது உனக்குத் தெரியும்."

தெரியும். அதுதான் எனக்குப் பயம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் போனோம். பார்ட்டி றூமில் மடக்குக் கதிரைகள், பிளாஸ்கில் தேத்தண்ணி, ஒரு மூலையில் காய் அடித்து விளையாடுகிற கரம் பலகை. கிழவர்கள் கோட்டைக் கழற்றாமல் இருந்தார்கள். கனகர் முன்வரிசையில், கால்மேல் கால் போட்டு, ரயில் வரப்போகிறது என்று தெரிந்தவர் மாதிரி இருந்தார்.

பிலோமினா தகப்பனைக் கையில் பிடித்துக் கூட்டிவந்தாள். மெலிந்த மனிதர். பெரிய குளிர்க்கோட்டு, கம்பளித் தொப்பி.

"வாருங்கோ ராசாவே!" என்றார் கனகர். "எங்கை கிரீடம்? லோண்டரிக்குப் போட்டதோ?"

சிரித்தார்கள். செபமாலை அண்ணை உட்கார்ந்தார்.

கனகர் எழுந்தார். "மாஸ்டர், நீங்கள் படிச்ச மனுசன். மூலம் இல்லாமல் ஒரு சொல்லு விடமாட்டியள் எண்டு ஊருக்கே தெரியும். நேரடியாக் கேக்கிறன். உந்தப் பாட்டு உள்ளதோ? உள்ளதெண்டால் மிச்ச ரெண்டு வரி எங்கை? இவர் பாடினதெண்டது மெய்யோ, புழுகோ?"

மாஸ்டர் எழுந்து நின்றார். தொப்பியைக் கதிரையில் வைத்தார். எனக்கு அவருடைய முகம் தெரிந்தது. வாய் திறக்கப்போகிறது என்றும் தெரிந்தது. அந்த வாய் பொய் சொல்லாது. நான் எழுந்து ஏதாவது செய்ய வேண்டும், தேத்தண்ணிப் பிளாஸ்கையாவது தட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

அதற்கு முதல் செபமாலை அண்ணை எழுந்தார். தொப்பியை எடுத்து மகளிடம் கொடுத்தார். கோட்டைக் கழற்றினார். தோள் இரண்டும் பின்னால் போயின. இடது கை இடுப்புக்குப் போனது, வாள் இருக்க வேண்டிய இடத்துக்கு. ஒரு கால் முன்னே வந்து கார்ப்பெற்றில் தட்டியது. கார்ப்பெற் சத்தம் போடாது. ஆனாலும் எல்லோரும் கேட்டோம்.

என் இரண்டு வரியையும் பாடினார். நான் அதைப் பாட்டு என்றே நினைத்ததில்லை. எழுத்து என்றுதான் நினைத்திருந்தேன். அந்த மனிதர் அதை இழுத்து, திருப்பி, கொற்றவனார் என்ற இடத்தில் ஏற்றி, நம்மூரு என்ற இடத்தில் கொண்டுவந்து இறக்கியபோது, இதையா நான் மூன்று விரற்கிடைக்குள் அடைத்தேன் என்று திகைத்தேன். நம்மூரு என்ற இடத்தில் பாட்டு முடிய வேண்டும். அதற்குமேல் எதுவும் இல்லை. அது எனக்கும் மாஸ்டருக்கும் மட்டும் தெரியும்.

அவர் நிற்கவில்லை. மூச்சு எடுத்தார். கண் யாரையும் பார்க்கவில்லை.

குரல்போன தூரத்தைக் குதிரையிலார் அளந்திடுவார்
கூப்பிட்டார் போனபின்னும் கூப்பிட்ட குரல்கேட்கும்

கரம் பலகைப் பக்கம் நின்றவரின் கையில் இருந்த காய் கீழே விழுந்து உருண்டது. யாரும் குனியவில்லை. நான் பாதி வீடு கட்டி, கூரை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதர் வந்து, மேலே பார், இதுதான் கூரை என்று காட்டிவிட்டார். எங்கேயிருந்து எடுத்தார்? எழுதிய எனக்கே தெரியாத மிச்சம் அவருக்கு எப்படித் தெரிந்தது? இன்றுவரை யோசிக்கிறேன். கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க விருப்பமும் இல்லை.

கனகர் மெதுவாகக் கேட்டார், "மாஸ்டர்... இது சரியோ?"

மாஸ்டரிடம் பென்சில் இல்லை. கதிரையின் முதுகில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"ஆர் சொன்னது எண்டு கேட்டால், செபமாலை அண்ணை சொன்னது. எங்கை சொன்னது எண்டு கேட்டால், இஞ்சை, எங்களுக்கு முன்னாலை சொன்னது. என்ரை காதாலை கேட்டன். இதைவிட நல்ல மூலம் இந்த ஊரிலை எனக்கு ஒருநாளும் கிடைக்கேல்லை."

ஒரு சொல் பொய் இல்லை. நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கனகர் எழுந்து போய், செபமாலை அண்ணையின் கோட்டைத் தூக்கி, பின்னால் நின்று பிடித்து, அவர் கையைப் போட உதவினார். "ராசாவுக்குக் குளிரும்" என்றார். இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் கிட்டப் போனேன். "அண்ணை, உதை எங்கை படிச்சனீங்கள்?"

"படிச்சதோ? தம்பி, நான் ராசா. ராசா படிக்கிறேல்லை, சொல்லுறது." பிறகு விரலை என் நெஞ்சில் ஊன்றினார். "உங்கடை பேப்பரிலை பாதியைத்தான் போட்டியள். ஞாபகம் கெட்ட ஆரோ எழுதித் தந்திருக்கிறான். இனி முழுசாப் போடு."

ஞாபகம் கெட்ட ஆரோ. நான் "ஓம் அண்ணை" என்றேன். வாழ்நாளில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த சந்தர்ப்பங்கள் குறைவு. அது பெரியது.

அடுத்தநாள் அட்டையில் இருந்து அறிவிப்பைப் பிளேட்டால் நானே கிளப்பினேன். மெழுகு இளகியிருந்தது, என் பெயர் சுலபமாகவே கழன்று வந்தது. அந்த இடத்தில் நான்கு வரியையும் ஒட்டினேன். கீழே என்ன போடுவது என்று கேட்டேன். "செபமாலை அண்ணை பாடக் கேட்டது" என்று மாஸ்டர் எழுதினார். இல்லாத காவியத்தின் பெயர் அன்றோடு அந்தப் பாட்டை விட்டுப் போயிற்று. அசகாயசூரனையும் அந்த மாதமே அவர் முடித்துவிட்டார். "இனி ஆரைப் பகிடி பண்ணுறது, மயில்? நான் மெய்யான ஒருத்தரைக் கண்டிட்டன்" என்றார்.

செபமாலை அண்ணை அதற்குப் பிறகு பல வருசம் அந்த அறையில் ராசாவாக இருந்தார். அவர் இருக்கும்வரை நான் வாய் திறக்கவில்லை. மாஸ்டரும் போய்விட்டார். உங்கள் தொகுப்பு வந்தபிறகு பிலோமினாவுக்குத் தொலைபேசி எடுத்து, எல்லாவற்றையும் முதல்தடவையாகச் சொன்னேன். அவள் சிரித்தாள். "அப்ப மற்ற ரெண்டும் முழுக்க அப்பான்ரையோ, அண்ணை? அவருக்கு அது தெரியாமலே போட்டுதே!" என்றாள். "சொல்லுங்கோ அண்ணை. இனிச் சொல்லலாம். ரெண்டு பேரையும் சேத்துச் சொல்லுங்கோ."

ஆகவே மலர்க்குழுவுக்குச் சொல்கிறேன். நீங்கள் கேட்ட ஒரு பக்கத்தைவிட இது நீளம், வெட்ட வேண்டாம். வெட்டத் தெரிந்தவன் நான், எங்கே வெட்டினீர்கள் என்று கண்டுபிடித்துவிடுவேன். தொகுப்பின் அடுத்த பதிப்பில் "பழைய", "தெரியவில்லை" என்ற இரண்டு சொல்லையும் எடுங்கள். முதல் இரண்டு வரி மயில்வாகனம். கடைசி இரண்டு வரி செபமாலை. இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில், தடித்து. அவர் பெயர் கொஞ்சம் பெரிதாகிவிட்டால் பேசாமல் விட்டுவிடுவேன். என் பெயர் சிறிதாகினால் விட மாட்டேன்.

யாராவது பென்சிலால் தட்டிக் கேட்டால், விடை ஆயத்தமாக இருக்கிறது. ஆர் சொன்னது? நாங்கள் ரெண்டு பேரும். எங்கை சொன்னது? ஸ்காபரோவிலை. அப்பிடியே போடுங்கோ.